சாச்சிக்காக நான் சொன்ன சம்மதம்

என்னைப் போல எழுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும், தடுக்கவில்லை. நான் முனிசிபாலிட்டிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும், எனக்கு இப்போது அவசரம் ஒன்றும் இல்லை.

நம் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு நடக்கப் பழக்கிய கையோடு 'ம்' போடவும் பழக்கினார்கள். உம்மா அடுப்பிலிருந்து ஏதாவது சொன்னால் 'ம்'. வாப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே ஏதாவது சொன்னால் 'சரி வாப்பா'. ஓதிக்கொடுக்கிற ஆலிமா அம்மா எது சொன்னாலும் தலையாட்டு. தாராவியில் எங்கள் சந்துக்குள் நான்தான் அதில் முதல் ஆள். சொன்னதும் சரி என்கிற பிள்ளை என்று பெயர். அந்தப் பெயரை நான் நகை மாதிரிப் போட்டுக்கொண்டு அறுபது வருஷத்துக்கு மேல் திரிந்தேன். போன மாதம்தான் அது கழன்றது.

கழற்றியது எதிர்வீட்டுப் பிள்ளை. வயது இருபத்திமூன்று. கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிற ஒரு கம்பெனியில், காதில் மாட்டிக்கொண்டு வெளிநாட்டு ஆட்களோடு பேசி போன் கனெக்‌ஷன் விற்கிற வேலை. இதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவளை ஸ்பானிஷ் பாஷைப் பக்கம் மாற்றப் போகிறார்களாம். அதற்கு ஒரு பரீட்சை. அவள் அப்பா ராத்திரி வேலைக்காரர், பகலில் தூங்குவார். அதனால் போனைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுவாள். போனுக்குள் ஒரு டீச்சர் பேசுவாள், இவள் திருப்பிச் சொல்லுவாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் பாடம் முழுக்க, மற்றவர் சொல்வதை எப்படி ஒத்துக்கொள்வது என்பது பற்றி.

"நானி, எதுக்கும் 'சி, சி'ன்னு சொன்னா மெஷின் மாதிரி இருக்குமாம். அந்த ஊர் ஆளுங்க அப்படிப் பேச மாட்டாங்களாம்" என்றாள்.

'சி' என்றால் அவர்கள் பாஷையில் ஆமாம். நான் முதலில் அதைக் கேட்டு, யாரை இவள் இப்படி அருவருப்பாகப் பேசுகிறாள் என்று வாசலை எட்டிப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது. 'க்ளாரோ' என்றால், பின்னே, அதிலென்ன சந்தேகம் என்பது. 'வாலே' என்றால் சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 'தியேனெஸ் ரசோன்' என்றால் நீ சொல்வது நியாயம்தான். 'புவேனோ' என்று கொஞ்சம் இழுத்தால், மனசில்லை, ஆனாலும் சரி. புவேனோ எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. என் உம்மா வாழ்நாள் முழுக்க வாப்பாவிடம் சொன்னது அதைத்தான்.

பழகுவதற்கு நான் தமிழில் ஏதாவது சொல்ல வேண்டும், அவள் ஸ்பானிஷில் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றாள். இன்றைக்கும் பைப்பில் தண்ணீர் வரவில்லை என்றேன். அவள் குதித்துக்கொண்டு 'க்ளாரோ' என்றாள்.

"தண்ணி வரலைங்கதுக்கு ஏன்ளா இப்படிப் பல்லக் காட்டுத? நாலு காலிக் குடத்தோட வரிசையில நின்னவ மாதிரி சொல்லு."

தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதே சொல்லைச் சொன்னாள். மறுநாள் டீச்சர் அதைக் கேட்டு, இதுதான் அந்த ஊர்க் குரல் என்று பாராட்டினாளாம். ஸ்பானிஷை நான் திருத்தினேன் என்று சந்து முழுக்கச் சொன்னேன். பெருமைப்பட எனக்குக் காரணம் கிடைத்தால் விட மாட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அவள் கம்பெனிச் சட்டத்தைச் சொன்னாள். நாம் பேசும்போது எதிராளி நடுநடுவே 'க்ளாரோ, க்ளாரோ' என்பது, கேட்கிறேன், மேலே சொல் என்பதற்காக. அதைச் சம்மதம் என்று எழுதிவிடக் கூடாது. கடைசியில் முழுக் கேள்வியையும் நிறுத்திக் கேட்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். அது ரிக்கார்ட் ஆக வேண்டும்.

"வேற யார் சொன்னாலும் செல்லாது நானி. புருஷன் சொன்னாலும் செல்லாது. எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு, அந்த வீட்டுக் குழந்த போன்ல 'சி'ன்னுச்சு, அத எழுதிட்டா. நௌக்ரி கயி. வேலையே போச்சு. பச்சாக்கிட்ட யாராச்சும் சம்மதம் கேப்பாங்களா?"

வெங்காயம் கையில் இருந்தது. கத்தி நின்றுவிட்டது. ஒரு போன் கனெக்‌ஷனுக்கு இவ்வளவு சட்டம். நான் ஒன்பது வயதில் எதற்குச் சம்மதம் சொன்னேன் தெரியுமா? என் சாச்சியின் நிக்காஹுக்கு.

சாச்சி என்றால் உம்மாவின் தங்கை. உங்களில் சிலர் சின்னம்மா என்பீர்கள். அவளுக்கு அப்போது பத்தொன்பது. அவளுடைய உம்மாவும் வாப்பாவும் மவுத்தாகிவிட்டதால் எங்களோடுதான் இருந்தாள். ஒரு அறை, அதற்கு மேலே பலகை போட்ட மாளா. மாளாவில் நிமிர முடியாது. சாச்சி அங்கேதான் குனிந்து உட்கார்ந்து காஜா எடுப்பாள். தையல் கடையிலிருந்து சட்டைகள் மூட்டையாக வரும், பட்டன் ஓட்டைகளைச் சுற்றி நூல் ஓட்டிக் கொடுக்க வேண்டும். அந்த மழைக்காலம் முழுக்க நான் அவள் பக்கத்தில் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே தோல் கிடங்கு நாற்றம். மேலே ஓட்டுத் தகரத்தில் மழை. சாச்சியின் தலையில் தேங்காய் எண்ணெய் வாசம். பட்டன் போட்டு வைக்க ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, அதன் மூக்கு துருப்பிடித்துப் போயிருக்கும். டப்பாவை ஆட்டினால் கேட்கிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அவள் கதை சொல்லிக்கொண்டே தைப்பாள். ராஜா மகள் கதை, ஜின் கதை. நான் 'ம்' போட வேண்டும். 'ம்' நின்றால் கதை நின்றுவிடும். சில நேரம் தூக்கத்திலேயே 'ம்' போடுவேன். அவளுக்கு அது தெரியும், ஆனாலும் சொல்லிக்கொண்டே போவாள். என் குரலும் அவள் குரலும் ஒரே மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள். கீழேயிருந்து உம்மா கூப்பிட்டு நான் பதில் சொன்னால், சாச்சிதான் பேசினாள் என்று நினைத்து வேலை சொல்லுவாள். நாங்கள் இருவரும் சிரிப்போம்.

மழை விடும் சமயத்தில் சம்பந்தம் வந்தது. கொண்டு வந்தவர் மாமா, உம்மாவுக்கும் சாச்சிக்கும் அண்ணன். மாட்டுங்கா லேபர் கேம்பில் இருந்தார். மாப்பிள்ளைக்குப் பாண்டுப்பில் பங்கார் கடை, அதாவது பழைய இரும்பு, தகரம் வாங்கி விற்கிற வியாபாரம். வயது முப்பத்தைந்து என்றார்கள். மனைவி இறந்துவிட்டாள் என்றார்கள். சாச்சி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. காஜா எடுக்கிற பெண்ணுக்கு வேறு யார் வருவார்கள் என்று மாமி, அதாவது மாமாவின் மனைவி, அவள் காதுபடவே கேட்டாள்.

நிக்காஹுக்கு நாலு நாள் முன்பு ஊரிலிருந்து ஒரு வளையல்காரி வந்தாள். மாப்பிள்ளையும் தன் ஊர்தான் என்று தெரிந்ததும் பேச்சுவாக்கில் கேட்டுவிட்டாள், இரண்டாவது கட்டுகிறாரா, முதல் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள். இரண்டு ஆண் பிள்ளைகள். போன மாதம்கூட அவளுக்கு வளையல் போட்டு விட்டாளாம்.

அன்று சாயந்திரம் சாச்சி மாமாவிடம் நேருக்கு நேர் சொன்னாள், எனக்கு இந்த இடம் வேண்டாம் காக்கா என்று. எங்களில் அண்ணனைக் காக்கா என்போம், அக்காவை ராத்தா என்போம். அவர் கத்தவில்லை. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, ஜமாஅத்தில் சொல்லியாகிவிட்டது, இனிமேல் பேச்சில்லை என்று சொல்லிவிட்டு சாயாவைக் குடித்தார்.

சாச்சி மாளாவுக்கு ஏறி வந்தாள். பின்னாலேயே உம்மா வந்தாள். நான் ஊசி டப்பாவோடு மூலையில் இருந்தேன். என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"என்கிட்ட கேக்காம நிக்காஹ் முடியாதுலா ராத்தா? மூணு தடவ கேப்பாங்கள்லா? மூணாவது தடவ நான் வேண்டாம்னு சொல்லிருவேன். எல்லாச் சனமும் கேக்கட்டும்."

உம்மா சட்டை ஒன்றை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மூன்றாவது தடவை என்று அவள் சொன்னது ஏன் என்று மற்ற சனங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நிக்காஹுக்கு முன்னால், பெண்ணுக்குப் பொறுப்பானவர் இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு திரைக்கு வெளியே வந்து நின்று, இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு, அதாவது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் பணத்துக்கு, உன்னை நிக்காஹ் செய்து தரச் சம்மதமா என்று கேட்க வேண்டும். பெண் சரி என்றால்தான் நிக்காஹ். அது மார்க்கம் பெண்ணுக்குக் கொடுத்த உரிமை. ஆனால் முதல் கேள்விக்கே வாய் திறந்தால் அவசரக்காரி என்று எங்கள் சந்தில் ஒரு பேச்சு. நல்ல வளர்ப்பு வளர்ந்த பெண் முதல் இரண்டு தடவையும் குனிந்து இருப்பாள், மூன்றாவது தடவைதான் சொல்லுவாள். இது எந்தக் கிதாபிலும் கிடையாது, நாங்களாகச் சேர்த்துக்கொண்டது. சாச்சி மறுப்பதற்குத் துணிந்தாள். ஆனால் அந்த மறுப்பையும் நல்ல வளர்ப்போடு, மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொண்டாள். முதல் தடவையே சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது தோன்றவில்லை. எங்களில் எவளுக்கும் தோன்றியிருக்காது.

மறுநாள் மாமா என்னைச் சர்பத் கடைக்குக் கூட்டிப் போனார். சாச்சி என்ன சொல்லுதா என்று கேட்டார். நான்தான் கேட்டதும் சொல்கிற பிள்ளையாயிற்றே, சொன்னேன். மூன்றாவது தடவை என்பதையும் சொன்னேன். அவர் சர்பத்தில் ஐஸைக் கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தார்.

"கல்யாணப் பொண்ணுங்க வெக்கத்துல அப்படித்தான் சொல்லும். உன் குரல் அவ குரல்தான. ரெண்டாவது தடவ நான் கேக்கும்போது நீ 'சம்மதம்'னு சொல்லிரு. சாச்சிக்கு நீ செய்ற ஒத்தாச அது. செய்வியா?"

நான் 'ம்' என்றேன்.

நிக்காஹ் அன்று சாயந்திரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. பச்சைத் திரை கட்டியிருந்தார்கள், கிளிகள் போட்ட திரை, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் எங்கள் அறையில் ஏழெட்டுப் பெண்கள். புழுக்கம். பன்னீரும் வேர்வையும் மல்லிகையும் கலந்து ஒரு வாசம். தலையிலிருந்து மடிவரை சிவப்பு முக்காட்டோடு சாச்சி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது பக்கம் உம்மா. இடது பக்கம் நான். சாச்சியின் இடது கை என் வலது கையைப் பிடித்திருந்தது. கதை சொல்லும்போது பயமான இடம் வந்தால் நான் அவள் கையைப் பிடிப்பேனே, அப்படி.

மாமாவின் குரல் திரைக்கு வெளியே கேட்டது. முதல் தடவை கேட்டார். சாச்சி அசையவில்லை. இரண்டாவது தடவை கேட்டார். கேட்டு முடிக்கும்போது என் பெயரைச் சொல்லாமல் சொன்னது மாதிரி ஒரு செருமல் செருமினார்.

நான் சொன்னேன். "சம்மதம்." நடுங்காமல், சாச்சியின் குரலில், சாச்சி சொல்வது மாதிரியே சொன்னேன்.

சாச்சியின் கை என் கையிலிருந்து உருவிப் போனது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், வெளியே ஃபாத்திஹா ஓதுகிற சத்தம், பெண்கள் குலவை, யாரோ என் வாயில் கற்கண்டு போட்டது, மாமி என்னைக் கட்டிக்கொண்டது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். நெய்ச்சோறும் தால்ச்சாவும் போட்டார்கள். உம்மா சாப்பிடவில்லை. வலது கையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். சோற்று தேக்சாவில் சுட்டுக்கொண்டேன் என்றாள். சாச்சி பாண்டுப்புக்குப் போனாள். பிஸ்கட் டப்பாவை எனக்கென்று வைத்துவிட்டுப் போனாள். அடுத்த மழைக்காலத்தில் சந்துக்குள் தண்ணீர் ஏறினபோது டப்பா போனது.

முதல் மனைவி அந்த வருஷமே பிள்ளைகளோடு வந்து சேர்ந்துவிட்டாள். சாச்சிக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுக்கு எப்போதாவது வருவாள், கல்யாணங்களுக்கு மட்டும் எங்கேயும் வர மாட்டாள். எனக்குக் கதை சொன்னதே இல்லை.

இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு என்னை நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. இந்தக் கதையை நான் அறுபது வருஷமாக ஒரு வேடிக்கையாகச் சொல்லி வந்திருக்கிறேன். காட்கோபரில், செம்பூரில், எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பெண்கள் கேட்பார்கள், அந்தச் சம்மதம் சொன்ன கதையைச் சொல் என்று. நானும் குரலை மாற்றிச் சொல்லுவேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வளையல்காரி வந்ததையும், மாளாவில் கேட்டதையும், சர்பத் கடையையும் விட்டுவிடுவேன். வெட்கப்பட்ட பெண்ணுக்குக் குட்டிப் பிள்ளை உதவி செய்தது என்று மட்டும் சொல்லுவேன். அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் கதை என்று ஆகிவிட்டது. நானும் மூன்று பிள்ளைகளைத் தையல் மெஷினில் வளர்த்தவள், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவள் என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

பச்சாக்கிட்ட யாராச்சும் சம்மதம் கேப்பாங்களா என்று எதிர்வீட்டுப் பிள்ளை கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய லீவு நாளில் அவளையே கூட்டிக்கொண்டு சயான் ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி ஏறிப் பாண்டுப்புக்குப் போனேன். எதற்கு என்று அவளிடம் வண்டியில் சொன்னேன். வழக்கமாகச் சொல்கிற மாதிரி இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் 'ம்' கூடப் போடவில்லை.

சாச்சி மூத்தாள் மகனின் வீட்டில் இருக்கிறாள். புருஷன் போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, மூத்தாளும் போய்விட்டாள். பிள்ளைகள் இவளை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். கண் மட்டும் மங்கிவிட்டது. காஜா எடுத்த கண். என் குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டாள். கட்டிலில் தட்டி உட்காரச் சொன்னாள். மருமகள் சாயா போட உள்ளே போனாள்.

"எல்லாக் கல்யாணத்துலயும் என் கதையச் சொல்லிச் சிரிப்புக் காட்டுதியாம்லா" என்றாள் சாச்சி. கோபமாகச் சொல்லவில்லை. ஊர்ச் செய்தி விசாரிப்பது மாதிரி.

இனிமேல் சொல்ல மாட்டேன், மாப்புக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். ஒன்பது வயதில் செய்தது, மாமா சொன்னார், நான் செய்தேன் என்று அழுதேன். அவள் என் அழுகை முடியும்வரை காத்திருந்தாள்.

"நீ சொன்னது கெடக்கட்டும்ளா. சின்னப் பிள்ள. அதுக்குப் பொறவு நான் சொன்னேன்லா, அத ஏன் நீ சொல்லுததே இல்ல?"

"நீங்க என்ன சொன்னீங்க சாச்சி?"

"வேண்டாம்னு சொன்னேன். அது பிள்ள சொன்னது, எனக்குச் சம்மதம் இல்லன்னு சொன்னேன். முக்காட்டத் தூக்கிட்டுச் சொன்னேன்."

நான் எதிர்வீட்டுப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாச்சி சொன்னாள், நான் எழுதுகிறேன். பாதி சொல்லும்போதே என் உம்மா அவள் வாயைப் பொத்திவிட்டாளாம். மாமி மறுபடி முக்காட்டை இழுத்து மூடினாளாம். மற்றப் பெண்கள் அதே நேரம் குலவை போட்டார்களாம். வெளியே போகவில்லை சத்தம். உள்ளே இருந்த ஏழெட்டுப் பேரும் கேட்டார்கள். ஒருத்தியும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. என் உம்மா சாகக் கிடந்தபோது சாச்சி போய் உட்கார்ந்து கேட்டாளாம், ராத்தா, நான் சொன்னேன்லா என்று. உம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாளாம்.

என் உம்மா. என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டாத உம்மா.

"எங்க வீட்டுக்காரவோ இருந்த வரைக்கும், நான் எதுக்காவது கண்ணக் கசக்குனா ஒரே பேச்சுதான். நீ சம்மதம்னு சொல்லித்தானளா வந்த. நாப்பது வருசத்துக்கு மேல கேட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கே கொழம்பிப் போச்சு. சொன்னேனா, சொல்லணும்னு நெனச்சேனா, தெரியல. அந்த அறையில இருந்தவங்க எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க. மிச்சம் நீ ஒருத்திதான். நீ சொல்லு. நான் சொன்னேனா, இல்லியா?"

ஆமா சாச்சி என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. அறுபது வருஷப் பழக்கம் இல்லையா. ஆனால் எனக்கு அந்தச் சத்தம் ஞாபகத்தில் இல்லை. தெரியாத ஒன்றுக்கு இன்னொரு தடவை அவளிடம் சரி என்று சொல்வதா? வாயை மூடிக்கொண்டேன்.

"சொல்லேன்ளா. சொன்னேனா?" என்றாள் இரண்டாவது தடவை. மங்கின கண் என் பக்கம் திரும்பியிருந்தது.

நான் அந்த அறைக்குத் திரும்பிப் போனேன். கிளித் திரை. பன்னீர். என் கையிலிருந்து உருவிய கை. கோபத்தில் உருவினாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். முக்காட்டைத் தூக்க வேண்டுமென்றால் கையை உருவத்தானே வேண்டும். பிறகு கற்கண்டு. பிறகு நெய்ச்சோறு. பிறகு உம்மாவின் கையில் கட்டியிருந்த வெள்ளைத் துணி. அன்று சோறு ஆக்கியது வெளியே பந்தலில், சமையல்காரர்கள். உம்மா தேக்சாப் பக்கம் போகவே இல்லை. ராத்திரி துணியை அவிழ்த்தபோது நான் பார்த்தேன். கொப்புளம் இல்லை. உள்ளங்கைக்குக் கீழே, கட்டைவிரல் சதையில், மேலும் கீழும் வளைந்து இரண்டு வரிசைத் தடம்.

"சாச்சி," என்றேன், "உம்மா வாயப் பொத்தும்போது கடிச்சீங்களா?"

சாச்சியின் கை மெதுவாக மேலே போய்த் தன் உதட்டைத் தொட்டது.

"கடிச்சேன்," என்றாள். "வாயெல்லாம் உப்பா இருந்துச்சு. கனவுன்னுலா நெனச்சிட்டேன். உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன். உம்மா கையில துணி கட்டியிருந்தா. சுட்டுட்டுன்னு சொன்னா. அது சுட்டது இல்ல, பல்லுத் தடம்."

அதற்குள் மருமகள் சாயாவோடு வந்து வாசலில் நின்றாள். எதிர்வீட்டுப் பிள்ளையும் அங்கேதான் நின்றாள். நிலைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. சாச்சிக்கு அவர்கள் நிற்பது காலடிச் சத்தத்தில் தெரிந்திருக்க வேண்டும். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள். மூன்றாவது தடவையாகக் கேட்டாள், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"அப்ப நான் சொன்னேனா?"

"சொன்னீங்க சாச்சி. வேண்டாம்னு சொன்னீங்க. நான் அங்கன இருந்தேன்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். மருமகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இதெல்லாம் புதிது. சாச்சி என் கையைத் தேடினாள். நான் வலது கையைக் கொடுத்தேன், அவள் இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ" என்றாள்.

மூன்றாவது தடவை சொல்லும்போது சாச்சி 'ம்' போட்டாள்.